நுழைவுத் தேர்வு ஆங்கில காம்ப்ரிஹென்ஷன்: எங்கே மதிப்பெண் ஒழுகுகிறது, எப்படி அடைப்பது

கணக்கிலும் இயற்பியலிலும் நன்றாக எடுக்கும் பிள்ளைகள் தொழில்நுட்பக் கல்லூரி நுழைவுத் தேர்வின் ஆங்கில காம்ப்ரிஹென்ஷனில் மட்டும் தொடர்ந்து கோட்டை விடுகிறார்கள். "எனக்கு இங்கிலீஷ் வீக்" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டு, தடிமனான சொல் பட்டியல் ஒன்றை வாங்கி மனப்பாடம் செய்ய உட்கார்ந்துவிடுகிறார்கள். நான் திருத்திப் பார்க்கும் விடைகளில் பெரும்பாலான தவறுகளுக்கும் சொல் தெரியாமைக்கும் சம்பந்தமே இருப்பதில்லை. கேள்வியை அரைகுறையாகப் பார்த்திருப்பார்கள், பேசேஜில் இல்லாததைத் தாங்களாகவே சேர்த்திருப்பார்கள், அல்லது ஒரே கேள்வியில் நாலு நிமிடம் உட்கார்ந்திருப்பார்கள். இதற்கெல்லாம் சொல் பட்டியல் மருந்தாகாது.

ஆகவே அறிகுறியைப் பார்த்துக் காரணத்துக்குப் போங்கள். ஒவ்வொரு அறிகுறியின் கீழும் சுலபமாகச் சரியாகும் காரணம் முதலில், அதிக நாள் பிடிக்கும் காரணம் கடைசியில் இருக்கிறது. முதல் காரணம் இல்லை என்று உறுதியான பிறகே அடுத்ததற்கு நகருங்கள்.

## தொடங்கும் முன் மூன்று சோதனை

பழைய வினாத்தாளில் இருந்து கிட்டத்தட்ட ஒரே நீளமுள்ள இரண்டு பேசேஜ் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் சோதனை, கடிகாரம் இல்லாமல். எவ்வளவு நேரமானாலும் சரி. ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் எந்த வரியை வைத்து அந்த முடிவுக்கு வந்தீர்கள் என்று வரி எண்ணையும் எழுதுங்கள். அகராதி வேண்டாம்.

இரண்டாவது சோதனை, அடுத்த பேசேஜை உண்மையான தேர்வு நேரத்துக்குள்.

மூன்றாவது சோதனை, தமிழில். ஒரு நாளிதழின் தலையங்கத்தையோ அறிவியல் கட்டுரையையோ கொடுத்து, வீட்டில் யாரையாவது ஐந்து கேள்வி கேட்கச் சொல்லுங்கள். கட்டுரையின் மையக் கருத்து என்ன, எழுதியவர் எந்தப் பக்கம், நேராகச் சொல்லாமல் எதை உணர்த்துகிறார் என்கிற மாதிரிக் கேள்விகள். இந்தச் சோதனையை யாரும் செய்வதில்லை. ஆனால் அதிகம் சொல்லிக் கொடுப்பது இதுதான்.

கடிகாரம் இல்லாதபோது சரி, கடிகாரத்தோடு தவறு என்றால் நேரம் பற்றிய அறிகுறிக்குப் போங்கள். ஆங்கிலத்தில் இரண்டும் தவறு, தமிழில் சரி என்றால் நடுவில் உள்ள பகுதிகள் உங்களுக்கானவை. தமிழிலும் தவறு என்றால் பழுது ஆங்கிலத்தில் இல்லை. கடைசிப் பகுதியை முதலில் படித்துவிடுங்கள்.

## அறிகுறி: நேரம் போதவில்லை, கடைசிக் கேள்விகள் தொடாமலே நிற்கின்றன

### எங்கே நேரம் போகிறது என்று குறித்தீர்களா?

ஒவ்வொரு கேள்வியைத் தொடங்கும்போதும் நிமிடத்தை ஓரத்தில் எழுதிக்கொண்டு ஒரு பேசேஜ் செய்யுங்கள். பலருக்கு வாசிப்பு ஒழுங்காகவே நடக்கும். ஒரே ஒரு கேள்விதான் மூன்று, நான்கு நிமிடத்தை விழுங்கியிருக்கும். அப்படி என்றால் மருந்து சுலபம்: ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிடம். அதற்குள் முடிவாகவில்லை என்றால் குறி போட்டுவிட்டு நகருங்கள். ஒற்றை வரி இலக்கணக் கேள்விகள் அதே பகுதியில் இருந்தால் அவற்றை முதலில் முடித்துவிட்டு பேசேஜுக்கு வாருங்கள்.

### ஒவ்வொரு கேள்விக்கும் முழு பேசேஜையும் மறுபடி வாசிக்கிறீர்களா?

இது இரண்டாவது பெரிய ஓட்டை. விடை எந்தப் பத்தியில் இருக்கிறது என்று நினைவில்லாததால் மேலிருந்து மறுபடி தொடங்குவீர்கள். ஒவ்வொரு பத்தியை முடித்ததும் மூன்று நான்கு சொல்லில் அது எதைப் பற்றியது என்று குறித்துக்கொள்ளுங்கள். கணினித் தேர்வு என்றால் ரஃப் தாளில். தமிழில் எழுதினாலும் பரவாயில்லை, அதை யாரும் திருத்தப் போவதில்லை. "பழைய முறை, குறை", "புது முறை, செலவு", "ஆசிரியர் சந்தேகம்" என்ற அளவு போதும். இந்தக் குறிப்பு எழுத அரை நிமிடம் ஆகும். தேடும் நேரம் அதைவிட அதிகமாக மிச்சமாகும்.

### கண் பின்னால் ஓடுகிறதா?

ஒரு அட்டையை எடுத்து, வாசித்து முடித்த வரிகளை மேலிருந்து மூடிக்கொண்டே வாருங்கள். திரும்பிப் பார்க்க வழியில்லாமல் வாசித்துவிட்டுக் கேள்விகளுக்குப் போங்கள். புரிதல் குறையவில்லை என்றால் பின்னால் ஓடுவது வெறும் பழக்கம். அட்டையோடு இரண்டு வாரம் பழகினால் பெரும்பாலும் விட்டுவிடும். புரிதல் விழுந்துவிட்டது என்றால் திரும்பிப் பார்ப்பது உங்களுக்குத் தேவையாக இருக்கிறது. உண்மைக் காரணம் வாக்கியத்திலோ சொல்லிலோ இருக்கிறது. கீழே சொல்லிலும் வாக்கியத்திலும் நின்றுபோகும் அறிகுறியைப் பாருங்கள்.

### அடிப்படை வேகமே குறைவா?

300 சொல் உள்ள ஒரு பகுதியை உங்கள் இயல்பான வேகத்தில் வாசித்து நேரம் பாருங்கள். இரண்டு நிமிடத்தில் முடித்தால் நிமிடத்துக்கு 150 சொல். மூன்று நிமிடம் என்றால் 100. ஆங்கிலத்தில் மௌனமாக வாசிக்கும் பெரியவர்களின் சராசரி, கதையல்லாத எழுத்துக்கு நிமிடத்துக்கு 238 சொல் என்று 2019-ல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று கணக்கிட்டது. அந்த எண்ணைத் துரத்த வேண்டியதில்லை. நிமிடத்துக்கு 150 சொல் போனால் 400 சொல் பேசேஜை இரண்டே முக்கால் நிமிடத்துக்குள் முடிக்கலாம், கேள்விகளுக்கு நேரம் மிஞ்சும். 100-க்குக் கீழே என்றால்தான் கவலைப்பட வேண்டும்.

அப்படி இருந்தால் இதற்குக் குறுக்கு வழி கிடையாது. தினமும் இருபது நிமிடம், தேர்வு தரத்தைவிடச் சுலபமான ஆங்கிலம் வாசிக்க வேண்டும். சுலபமான என்பதை அழுத்திச் சொல்கிறேன். கடினமான கட்டுரையைத் தட்டுத் தடுமாறி வாசித்தால் தடுமாறுவதற்குத்தான் பயிற்சி கிடைக்கும். பள்ளிப் பாடப் புத்தகத்தின் கீழ் வகுப்பு அறிவியல் பாடங்களே நல்ல தொடக்கம், விஷயம் ஏற்கெனவே தெரியும் என்பதால் கண் மொழியில் மட்டும் நிற்கும். வேக வாசிப்பு வகுப்புகளுக்குப் பணம் கட்ட வேண்டாம் என்பது என் கருத்து. வரிகளைத் தாவிப் போகக் கற்றுக்கொடுப்பார்கள், இந்தத் தேர்வின் கேள்விகளோ தாவிய இடத்தில்தான் வரும்.

கேள்விகளை முதலில் படிக்கலாமா, பேசேஜை முதலில் படிக்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கேள்வியின் வாக்கியத்தை மட்டும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வாசிப்பது நல்லது, ஆப்ஷன்களைப் பார்க்காதீர்கள். நான்கு ஆப்ஷனில் மூன்று பொய். பேசேஜைப் படிக்கும் முன்பே மூன்று பொய்யை மனதில் ஏற்றிக்கொள்வது புத்திசாலித்தனம் ஆகாது.

## அறிகுறி: நன்றாகப் புரிந்தது போல இருக்கிறது, விடை மட்டும் தவறு

தொழில்நுட்பப் படிப்புக்குப் போக நினைக்கும் பிள்ளைகளிடம் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். எங்கே வழுக்குகிறது என்பதைத் தமிழிலேயே காட்டுகிறேன். மொழி தடையாக இல்லாதபோதும் இந்தப் பொறி வேலை செய்யும் என்பதை நீங்களே பார்க்க வேண்டும்.

பேசேஜ் இது:

இரும்பின் மேல் துத்தநாகம் பூசினால் இரண்டு வகையில் காப்பு கிடைக்கிறது. ஒன்று, காற்றும் ஈரமும் இரும்பைத் தொடாமல் பூச்சு தடுக்கிறது. இரண்டு, பூச்சில் கீறல் விழுந்தாலும் அந்த இடத்தில் துத்தநாகம் முதலில் அரிக்கப்படுவதால் இரும்பு சிறிது காலம் தப்பிக்கிறது. பெயின்ட் பூச்சுக்கு இந்த இரண்டாவது குணம் கிடையாது. ஆனால் உப்பு ஈரம் தொடர்ந்து படும் இடங்களில் துத்தநாகமும் வேகமாகக் கரைந்துவிடும்.

கேள்வி: ஆசிரியர் சொல்வதன்படி, துத்தநாகப் பூச்சு பெயின்ட் பூச்சிலிருந்து எதில் வேறுபடுகிறது?

அ) காற்றும் ஈரமும் இரும்பைத் தொடாமல் தடுக்கிறது.
ஆ) பூச்சு சேதமான இடத்திலும் இரும்பை ஓரளவு காக்கிறது.
இ) இரும்பை எந்தச் சூழலிலும் துருப்பிடிக்க விடுவதில்லை.
ஈ) துத்தநாகத்தின் ஒடுக்க மின்னழுத்தம் இரும்பைவிடக் குறைவாக இருப்பதால் அது முதலில் ஆக்சிஜனேற்றம் அடைகிறது.

விடை ஆ. மற்ற மூன்றும் மூன்று வகைப் பொறிகள். உங்கள் தவறான விடைகள் எந்தப் பொறியில் அடிக்கடி விழுகின்றன என்று பாருங்கள்.

### 'அ' மாதிரி ஆப்ஷனில் விழுந்தால்: கேள்வியைப் பாதிதான் வாசித்தீர்கள்

'அ' பேசேஜின் வரியை அப்படியே எடுத்து வைத்திருக்கிறது. பார்த்த சொற்கள் திரும்ப வந்ததும் கை அங்கே போய்விடும். ஆனால் கேள்வி கேட்டது வேறுபாட்டை. முதல் குணம் துத்தநாகத்துக்கு மட்டுமே உரியது என்று பேசேஜ் எங்கும் சொல்லவில்லை. பெயின்டுக்கு இல்லாதது இரண்டாவது குணம்தான்.

சோதனை: தவறிய கேள்விகளை ஆப்ஷன் இல்லாமல் ஒரு தாளில் எழுதி, என்ன கேட்கிறார்கள் என்று தமிழில் ஒரு வரி சொல்லுங்கள். சொல்ல வரவில்லை என்றால் கேள்வியே புரியவில்லை. இந்தச் சமயத்தில் 'நாட்', 'எக்செப்ட்', 'லீஸ்ட் லைக்லி' போன்ற சொற்கள் உள்ள கேள்விகள் எத்தனை தவறின என்று தனியாக எண்ணிப் பாருங்கள். அவை அதிகம் என்றால் இன்றே சரியாகிவிடும்: அந்தச் சொல்லைக் கண்டதும் ரஃப் தாளில் "தவறானது எது?" என்று எழுதிக்கொண்டு, ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் சரி, தவறு என்று குறி போடுங்கள். ஒற்றையாக நிற்பது விடை.

அப்புறம் ஒரு விஷயம். சரியான விடையான 'ஆ'-வில் 'கீறல்' என்ற சொல்லே இல்லை, 'சேதமான இடம்' என்று மாற்றிச் சொல்லியிருக்கிறது. நன்றாகத் தயாரித்த வினாத்தாளில் சரியான விடை பெரும்பாலும் இப்படி வேறு சொல்லில்தான் வரும். ஆகவே விடையைத் தேடும்போது ஒரே சொல்லைத் தேடாதீர்கள், ஒரே செய்தியைத் தேடுங்கள்.

### 'இ' மாதிரி ஆப்ஷனில் விழுந்தால்: அளவைத் தவறவிட்டீர்கள்

பேசேஜ் 'சிறிது காலம்' என்றது, ஆப்ஷன் 'எந்தச் சூழலிலும்' என்றது. கடைசி வரியில் வந்த உப்பு ஈரத்தை மறந்தவர்கள் இங்கே விழுவார்கள். ஆங்கிலத்தில் 'ஆல்வேஸ்', 'நெவர்', 'ஒன்லி', 'ஆல்', 'என்டயர்லி' ஆகிய சொற்கள் ஆப்ஷனில் வந்தால் பேசேஜிலும் அதே அளவுக்குச் சொல்லியிருக்கிறதா என்று வரியைத் தொட்டுப் பாருங்கள். அப்படிச் சொல்லியிருந்தால் அந்த ஆப்ஷன் சரிதான். தீவிரமான சொல் வந்தாலே தவறு என்று கண்ணை மூடி அடிக்கும் சூத்திரத்தைச் சிலர் சொல்லித் தருகிறார்கள், அதை நம்பிப் போகாதீர்கள்.

### 'ஈ' மாதிரி ஆப்ஷனில் விழுந்தால்: உங்கள் வேதியியல் உங்களைத் தள்ளிவிட்டது

'ஈ' உண்மை. துத்தநாகத்துக்கு −0.76 வோல்ட், இரும்புக்கு −0.44 வோல்ட் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். அப்படிப் படித்த மாணவருக்கு 'ஈ'யைப் பார்த்ததும் தெரிந்த முகத்தைப் பார்த்த சந்தோஷம் வரும். மற்ற மூன்றைவிட அறிவார்ந்த விடையாகவும் தோன்றும். ஆனால் பேசேஜில் மின்னழுத்தம் பற்றி ஒரு சொல் கிடையாது. கேள்வி "ஆசிரியர் சொல்வதன்படி" என்று தொடங்குகிறது.

நன்றாகப் படிக்கும் பிள்ளைகளை அதிகம் பிடிக்கும் பொறி இது. இதைச் சோதிக்க ஒரு வழி: உங்களுக்குக் கொஞ்சமும் தெரியாத துறையில் இரண்டு பேசேஜ் செய்யுங்கள். பழைய நாணயங்கள், பறவைகள் வலசை போவது, நாட்டிய வரலாறு என்று எதுவாகவும் இருக்கலாம். அறிவியல் பேசேஜைவிட அதில் அதிக மதிப்பெண் வந்தால் உங்கள் பழுது இதுதான். மருந்து வரி எண் எழுதுவது. ஒவ்வொரு விடைக்கும் ஆதாரமான வரியைக் காட்ட முடியாவிட்டால் அந்த விடை உங்களுடையது, ஆசிரியருடையது அல்ல. பயிற்சியில் ஒரு மாதம் விடாமல் வரி எண் எழுதினால் தேர்வில் எழுதாமலே கண் அங்கே போகும்.

## அறிகுறி: கடைசியில் இரண்டு ஆப்ஷன் மிஞ்சுகிறது, எடுத்தது எப்போதும் தவறாகிறது

முதலில் 'எப்போதும்' என்பது உண்மையா என்று பாருங்கள். இப்படி இரண்டில் ஒன்றை எடுத்த இடங்களில் நட்சத்திரக் குறி போட்டு, பத்துப் பேசேஜுக்குப் பிறகு எண்ணுங்கள். பாதிக்குப் பாதி என்றால் அங்கே தெளிவே இல்லாமல் ஊகித்திருக்கிறீர்கள். பாதிக்கும் குறைவாகச் சரி என்றால் ஏதோ ஒன்று உங்களைத் திட்டமாகத் தவறான பக்கம் இழுக்கிறது. அநேகமாக மேலே சொன்ன மூன்று பொறிகளில் ஒன்று.

இரண்டையும் ஒப்பிடும்போது எது நன்றாக இருக்கிறது என்று பார்க்காதீர்கள். இரண்டுக்கும் வித்தியாசமான சொல் எது என்று முதலில் கண்டுபிடியுங்கள். ஒன்று 'குறைக்கிறது' என்கிறது, மற்றது 'தடுக்கிறது' என்கிறது என்றால், அந்த ஒரே வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பேசேஜுக்குத் திரும்புங்கள். இந்த இரண்டில் ஒன்றைப் பொய்யாக்கும் வரி எங்கே என்று தேடுங்கள். சரியானதை நிரூபிப்பதைவிடத் தவறானதை வெட்டுவது வேகமாக நடக்கும்.

மையக் கருத்துக் கேள்வியில் மட்டும் இரண்டு மிஞ்சினால், அநேகமாக ஒன்று மிக அகலமாகவும் இன்னொன்று ஒரே பத்தியை மட்டும் பிடித்துக்கொண்டும் இருக்கும். மேலே சொன்ன ஓரக் குறிப்புகளை எடுத்து, எத்தனை பத்தி அந்த ஆப்ஷனுக்குள் அடங்குகிறது என்று பாருங்கள். எல்லாப் பத்தியும் அடங்கி, பேசேஜில் இல்லாத எதையும் உள்ளே இழுக்காத ஆப்ஷன்தான் தலைப்பு.

'இன்ஃபர்', அதாவது சொன்னதிலிருந்து சொல்லாததை உய்த்துணர்வது, என்று கேட்டால் பலர் கற்பனையை அவிழ்த்துவிடுகிறார்கள். ஒரே ஒரு அடி மட்டும் தள்ளிப் போகலாம். நம் பேசேஜை வைத்துச் சொன்னால், 'கடலோரத்தில் துத்தநாகப் பூச்சு மட்டும் போதாமல் போகலாம்' என்பது ஓரடி. 'கடலோரத்தில் இரும்பையே பயன்படுத்தக் கூடாது' என்பது நாலடி.

அப்படியும் தெளியவில்லை என்றால் ஊகிப்பதா, விடுவதா? இதற்கு உணர்ச்சி தேவையில்லை, கணக்கு போதும். நான்கு ஆப்ஷன், சரிக்கு 3, தவறுக்கு 1 கழிவு என்றால், ஒன்றுமே தெரியாமல் ஊகித்தால் சராசரி லாபம் பூஜ்யம். ஒன்றை வெட்டிவிட்டு மூன்றில் ஊகித்தால் கேள்விக்குச் சராசரி மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் லாபம். இரண்டு மிஞ்சியிருந்தால் சராசரி லாபம் 1. சரிக்கு 4, தவறுக்கு 1 என்றால் இன்னும் சாதகம். ஆக இரண்டு மிஞ்சிய கேள்வியைக் காலியாக விடாதீர்கள். உங்கள் தேர்வின் கழிவு விதியைத் தகவல் ஏட்டில் பார்த்து இதே கணக்கை நீங்களே போட்டு வைத்துக்கொள்ளுங்கள். நட்சத்திர எண்ணிக்கையில் பாதிக்கும் கீழே இருப்பவர்கள் மட்டும் பொறியைச் சரிசெய்துவிட்டு இந்தக் கணக்குக்கு வாருங்கள்.

## அறிகுறி: ஒரு சொல்லிலோ ஒரு வாக்கியத்திலோ நின்றுபோகிறது

### சொல்லா, வாக்கியமா?

நின்ற வாக்கியத்தில் தெரியாத சொற்களின் பொருளை அகராதியில் பார்த்து எழுதிக்கொண்டு மறுபடி வாசியுங்கள். இப்போது புரிந்தால் சொல் பிரச்சினை. எல்லாச் சொல்லும் தெரிந்தும் புரியவில்லை என்றால் வாக்கியக் கட்டமைப்பு.

### வாக்கியம் என்றால்

நம் தமிழில் பெயருக்கு முன்னால்தான் அதைப் பற்றிய விவரம் வரும், வினை கடைசியில் வந்து முடிக்கும். ஆங்கிலத்தில் பெயர் முதலில் வந்துவிடும், விவரம் பின்னால் தொங்கும், அதற்கும் பின்னால் வினை. தலைக்குள் மொழிபெயர்த்துக்கொண்டே வாசிப்பவர்கள் இங்கே சிக்குவார்கள்.

ஒரு வாக்கியம்: "தி வால்வ் தட் தி இன்ஸ்பெக்டர் ரிப்ளேஸ்டு ஆஃப்டர் தி லீக் வாஸ் ஃபால்டி." வேகமாக வாசிக்கும் கண், பக்கத்தில் இருக்கும் 'லீக்'கையும் 'வாஸ் ஃபால்டி'யையும் ஒட்டவைத்துவிடும். பழுது கசிவில் இருந்ததா, இன்ஸ்பெக்டரிடமா என்று குழம்பும். பென்சிலால் 'தட்' என்பதில் தொடங்கி 'லீக்' வரை அடைப்புக்குறிக்குள் போடுங்கள். மிஞ்சுவது: "தி வால்வ் வாஸ் ஃபால்டி." பழுது வால்வில். எந்த வால்வு? கசிவுக்குப் பிறகு இன்ஸ்பெக்டர் கழற்றி மாற்றிய வால்வு. அவ்வளவுதான்.

தினமும் ஐந்து நீள வாக்கியங்களை எடுத்து 'ஹூ', 'விச்', 'தட்' தொடங்கும் பகுதியையும், இரண்டு காற்புள்ளிக்கு நடுவே செருகிய பகுதியையும் இப்படி அடைத்துவிட்டு, யார், என்ன செய்தார் என்று எலும்பை மட்டும் எடுங்கள். மூன்று நான்கு வாரத்தில் பென்சில் இல்லாமலே கண் அடைப்புப் போடத் தொடங்கும்.

சின்னச் சொற்கள் பொருளையே திருப்பிப்போடும் இடங்களையும் தனியாகப் பழகுங்கள். 'எ ஃபியூ' என்றால் சிலர் இருக்கிறார்கள், வெறும் 'ஃபியூ' என்றால் அநேகமாக யாரும் இல்லை என்ற தொனி. 'ஹார்ட்லி' வந்தால் 'நாட்' இல்லாமலே மறுப்பு. 'அன்லெஸ்' வந்த இடத்தில் 'இல்லாவிட்டால்' போட்டுப் பாருங்கள். 'எனிதிங் பட் சிம்பிள்' என்றால் சுலபமே இல்லை, 'ஆல் பட் இம்பாசிபிள்' என்றால் கிட்டத்தட்ட முடியாதது. 'ஹவெவர்', 'யெட்', 'நெவர்தலெஸ்' வந்தால் ஆசிரியர் திரும்புகிறார், அவருடைய உண்மையான கருத்து அதற்குப் பின்னால்தான் பெரும்பாலும் இருக்கும்.

### சொல் என்றால்

100 சொல் உள்ள பத்தியில் தெரியாத சொற்களை எண்ணுங்கள். நூறில் சுமார் 98 சொல் தெரிந்தால் துணையில்லாமல் புரிந்துகொள்ள முடியும் என்பது இந்தத் துறையில் ஆராய்ந்தவர்கள் சொல்லும் அளவு. உங்களுக்கு இரண்டு மூன்று தெரியவில்லை என்றால் சொல்வளம் குறைவில்லை, பழக்கம்தான் குறை. அந்தச் சொல்லை அடித்துவிட்டு அங்கே "ஏதோ ஒன்று" என்று வைத்து மேலே போங்கள். அடுத்த வரியில் எடுத்துக்காட்டோ எதிர்ப்பதமோ வந்து பொருளைக் காட்டிக்கொடுக்கும். காட்டிக்கொடுக்காவிட்டாலும் அது நல்ல சொல்லா கெட்ட சொல்லா என்று தெரிந்தால் பல கேள்விகளுக்குப் போதும்.

ஐந்துக்கு மேல் தெரியவில்லை என்றால் இப்போதுதான் சொல் பட்டியலின் முறை. அதிலும் அரிய சொற்களை அடுக்கிய தடிமன் புத்தகம் வேண்டாம். 2000-ல் அவெரில் காக்ஸ்ஹெட் வெளியிட்ட அகாடமிக் வேர்ட் லிஸ்ட் 570 சொற்குடும்பங்கள் (ஒரு வேர்ச்சொல்லும் அதிலிருந்து கிளைத்த சொற்களும்) கொண்டது. கல்வித்துறைக் கட்டுரைகளின் ஆங்கிலத்தில் சுமார் பத்தில் ஒரு சொல் இவற்றில் இருந்து வருகிறது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். நாளுக்குப் பத்துக் குடும்பம் என்றால் இரண்டு மாதத்தில் ஒரு சுற்று முடியும். சொல்லை மட்டும் எழுதாமல், அது வந்த வாக்கியத்தையும் சேர்த்து எழுதுங்கள். மறுநாளும் ஒரு வாரம் கழித்தும் பொருளை மூடிவைத்துச் சொல்லிப் பாருங்கள்.

பள்ளிப் பாடத் தரத்து ஆங்கிலத்திலேயே நூறில் பத்துக்கு மேல் தெரியவில்லை, எளிய வாக்கியத்தின் எலும்பும் பிடிபடவில்லை என்றால் தனியாக முயன்று நாளைக் கடத்த வேண்டாம். அடிப்படையில் இருந்து கட்டித் தரும் ஒரு ஆங்கில ஆசிரியரைப் பாருங்கள். நுழைவுத் தேர்வு நுணுக்கம் சொல்லும் ஆள் இப்போது உதவ மாட்டார்.

## அறிகுறி: கடைசி வரிக்கு வந்ததும் முதல் பத்தி மறந்துவிடுகிறது

தூக்கமும் போனும்தான் முதல் சந்தேகம். காலையில் போனை வேறு அறையில் வைத்துவிட்டு ஒரு பேசேஜ் செய்து பாருங்கள். நினைவு நின்றால் மேலே போக வேண்டியதில்லை.

நிற்கவில்லை என்றால் பத்திக்கு ஒரு முறை நிறுத்தி, பேசேஜைப் பார்க்காமல் ஒரு வரி சொல்லுங்கள். சொல்ல முடியாத பத்தியை மட்டும் மறுபடி வாசியுங்கள். அடிக்கோடு போடுவதைக் குறைத்துவிடுங்கள். பக்கம் முழுவதும் மஞ்சள் அடித்த பேசேஜில் எது முக்கியம் என்று யாராலும் சொல்ல முடியாது.

## அறிகுறி: வீட்டில் வருகிறது, தேர்வில் வரவில்லை

தாளில் பழகிவிட்டுத் திரையில் எழுதுகிறீர்களா என்று முதலில் பாருங்கள். கணினித் தேர்வில் பெரும்பாலும் அடிக்கோடு போட முடியாது, பேசேஜ் ஒரு பக்கமும் கேள்வி ஒரு பக்கமுமாக நிற்கும், உருட்டும்போது வரி தவறும். தேர்வு நடத்துபவர்களே மாதிரித் தேர்வுப் பக்கம் வெளியிட்டிருந்தால் அதில்தான் பழகுங்கள். கடைசி மாதத்தில் எல்லா மாக் டெஸ்டும் திரையிலேயே இருக்கட்டும். போன் திரை அதற்கு ஈடாகாது.

அடுத்து வரிசை. வீட்டில் ஆங்கிலத்தைத் தனியாக, புது மூளையோடு செய்கிறீர்கள். தேர்வில் இரண்டு மணி நேரக் கணக்குக்குப் பிறகு வரும். முழுத் தேர்வின் முடிவில் பேசேஜ் செய்து மதிப்பெண்ணை ஒப்பிடுங்கள். வித்தியாசம் பெரிது என்றால், பகுதிகளுக்கு இடையே போய்வர விதி அனுமதிக்கும் பட்சத்தில் ஆங்கிலத்தை முன்னால் கொண்டுவாருங்கள்.

இரண்டும் இல்லை, பேசேஜைப் பார்த்ததும் கை நடுக்கம், நெஞ்சு படபடப்பு, எழுத்து மனதில் ஏறாமை, அதுவும் எல்லாத் தேர்விலும் வருகிறது என்றால் பயிற்சியைக் கூட்டுவது தீர்வில்லை. ஒரு மனநல ஆலோசகரிடம் பேசுங்கள். இதற்குச் சொல்லித்தரக்கூடிய வழிகள் இருக்கின்றன, தேர்வுக்குச் சில மாதம் முன்பே போனால் பலன் தெரியும்.

## அறிகுறி: மதிப்பெண் ஓரிடத்தில் நின்றுவிட்டது

தினமும் புதுப் பேசேஜ் செய்து, விடை பார்த்து, மூடிவைத்துவிடுபவர்களுக்கு இது நிச்சயம் வரும். இரண்டு வாரம் புதுப் பேசேஜை நிறுத்துங்கள். பழைய தவறுகளை எடுத்து ஒவ்வொன்றுக்கும் எதிரே காரணத்தை எழுதுங்கள்: கேள்வி, அளவு, சொந்த அறிவு, வாக்கியம், சொல், நேரம். எது அதிகமோ அந்த அறிகுறிக்கு மேலே திரும்புங்கள். விடைக்குறிப்பு சொல்லும் விளக்கத்தோடு உங்களுக்கு உடன்பாடில்லாத கேள்விகளைத் தனியாக வைத்து ஆசிரியரிடம் காட்டுங்கள். சந்தையில் கிடைக்கும் சில பயிற்சித் தொகுப்புகளில் விடையே தவறாக இருக்கும், அதை வைத்து உங்கள் சிந்தனையைத் திருத்திக்கொண்டால் உள்ளதும் கெடும். பழைய வினாத்தாளையே நம்புங்கள்.

## அறிகுறி: தமிழிலும் இதே சிக்கல்

தமிழ்க் கட்டுரையின் மையக் கருத்தும் பிடிபடவில்லை, ஆனால் சரளமாக வாசிக்க வருகிறது என்றால், ஆங்கிலப் பயிற்சியின் நேரத்தில் பாதியைத் தமிழுக்குக் கொடுங்கள். தினமும் ஒரு தலையங்கம், முடிந்ததும் மூன்று வரிச் சுருக்கம். எழுதியவர் எதை வாதிடுகிறார், எதை ஆதாரமாகக் காட்டுகிறார், எதிர்த்தரப்பை எப்படிச் சமாளிக்கிறார் என்று சொல்லிப் பழகினால் அந்தத் திறன் ஆங்கிலத்துக்கும் வரும்.

வாசிப்பதே இரண்டு மொழியிலும் கஷ்டம் என்றால் கண்ணைப் பாருங்கள். வரி மாறிப்போவது, எழுத்து மங்குவது, கால் மணி நேரத்தில் தலைவலி, புத்தகத்தை மிக அருகில் பிடிப்பது என்று ஏதாவது இருந்தால் கண் மருத்துவரிடம் போங்கள். ஒரு கண்ணாடியில் தீர்ந்துபோகிற விஷயத்துக்கு மாதக் கணக்கில் பயிற்சி செய்து சோர்ந்துபோகும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கண் சரியாக இருந்தும், சின்ன வயதிலிருந்தே எழுத்துக்கூட்டி வாசிப்பது, எழுத்துகளை மாற்றி வாசிப்பது, வாயால் சொன்னால் உடனே புரிவது வாசித்தால் புரியாமல் போவது என்று இருந்தால் அது டிஸ்லெக்ஸியாவாக இருக்கலாம். இதற்கும் புத்திக்கும் சம்பந்தம் இல்லை. பெற்றோர் இதைச் சோம்பல் என்று திட்டிக் கொண்டிருக்க வேண்டாம். கற்றல் குறைபாடுகளை மதிப்பிடும் உளவியலாளரிடம் முறையான மதிப்பீடு செய்யுங்கள். உறுதியானால் பல தேர்வுகளில் கூடுதல் நேரமோ எழுத்தரோ கிடைக்கும். சான்றிதழை எந்த வடிவில், யாரிடம் வாங்க வேண்டும் என்று தகவல் ஏட்டில் இருக்கும். மதிப்பீட்டுக்கு நாள் கிடைக்க வாரக் கணக்கில் ஆகலாம், சலுகையையோ விண்ணப்பம் நிரப்பும்போதே கேட்டாக வேண்டும். ஆகவே சந்தேகம் வந்த வாரத்திலேயே போனை எடுத்து நேரம் கேளுங்கள்.